ஏவுகணையைத் தொடாமலே திசைதிருப்பும் ‘பதர்’ ராக்கெட்: கடற்படைக்கு வந்திருக்கும் புதிய கவசம் எப்படி வேலை செய்யும்?

எதிரியின் ஏவுகணையிடம் இருந்து போர்க்கப்பல்களைக் காக்கும் புதிய ராக்கெட்டை, இந்தியக் கடற்படையிடம் டிஆர்டிஓ ஒப்படைத்திருக்கிறது. டெல்லியில் 2024 ஜூன் 26, புதன்கிழமை நடந்த நிகழ்ச்சியில் டிஆர்டிஓ தலைவர் சமீர் வி. காமத் இதைக் கடற்படையிடம் வழங்கினார்.

பெயர் கொஞ்சம் நீளம்: ‘மீடியம் ரேஞ்ச் மைக்ரோவேவ் அப்ஸ்க்யூரன்ட் சாஃப் ராக்கெட்’. சுருக்கமாக எம்ஆர்-எம்ஓசிஆர்.

செய்தியைப் படித்ததும் எழும் முதல் கேள்வி இதுதான். எதிரி ஏவுகணையை நடுவானில் மோதி வெடிக்க வைக்குமா இந்த ராக்கெட்?

இல்லை. அது ஏவுகணையைத் தொடவே தொடாது. வானத்தில் கோடிக்கணக்கான மெல்லிய இழைகளைத் தூவும். அவ்வளவுதான். அந்த இழை மேகம்தான் ஏவுகணையின் ‘கண்ணை’ மறைக்கும்.

கேட்பதற்கு ரொம்ப சாதாரணமாக இருக்கிறதா? ஆனால் கடந்த 50 ஆண்டுகளில் எத்தனையோ மாலுமிகளின் உயிர், இந்த இழைகள் சரியான நொடியில் தூவப்பட்டதா இல்லையா என்பதில்தான் நின்றிருக்கிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட ஏவுகணை காணாமல் போய்விடுவதில்லை. அது வேறு எங்கோ போகிறது. எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கதையில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி.

விரிவாகப் பார்க்கலாம்.

கப்பலுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்

கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளில் பல, கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில், அலையை உரசுவதுபோலப் பறந்து வரும். ஏன் அவ்வளவு தாழ்வாக? பூமி உருண்டை என்பதுதான் காரணம்.

மெரினாவில் நின்று பார்த்தால், தொலைவில் இருக்கும் கப்பலின் மேல்பகுதி தெரியும், அடிப்பகுதி தெரியாது அல்லவா? ரேடாருக்கும் இதே பிரச்சினைதான். தொடுவானத்துக்குக் கீழே இருப்பதை அதனால் பார்க்க முடியாது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். கப்பலின் ரேடார் கடல்மட்டத்தில் இருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏவுகணை 5 மீட்டர் உயரத்தில் வருகிறது. இந்த நிலையில் ரேடார் அதைப் பார்க்கக்கூடிய அதிகபட்சத் தூரம் சுமார் 28 கிலோமீட்டர்தான்.

பிரான்ஸ் தயாரிப்பான எக்சோசெட் போன்ற ஏவுகணை நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வரும். 28 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை நிமிடம் போதும். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் வரும் ஏவுகணை என்றால் அரை நிமிடம்கூட முழுசா கிடைக்காது.

இது எல்லாம் சரியாக நடந்தால் கிடைக்கும் நேரம். கடலில் அலை எழும்பும்போது ரேடார் திரையில் தேவையற்ற புள்ளிகள் நிறைய வரும். அதற்குள் ஏவுகணையைப் பிரித்துப் பார்க்கவே சில நொடிகள் போய்விடும். மிச்சம் இருக்கும் நேரத்தில் அது ஏவுகணைதான் என உறுதிசெய்து, கேப்டனுக்குச் சொல்லி, முடிவெடுத்து, தடுப்பு ஆயுதத்தை இயக்க வேண்டும்.

சுட்டு வீழ்த்து அல்லது ஏமாற்று

வரும் ஏவுகணையைச் சமாளிக்க ஒரு கப்பலுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சுட்டு வீழ்த்துவது. ராணுவ மொழியில் ‘ஹார்டு கில்’. இதற்காகவே தனி ஏவுகணைகள் இருக்கின்றன. அவையும் தவறிவிட்டால் கடைசி நேரத்தில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குண்டுகளைக் கொட்டும் துப்பாக்கிகள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் செங்கடலில் அமெரிக்காவின் ‘கிரேவ்லி’ போர்க்கப்பலை நோக்கி ஹவுதிகள் ஏவிய ஏவுகணை சுமார் ஒரு மைல் தூரம் வரை நெருங்கிவிட்டது. கடைசியில் அந்தத் துப்பாக்கிதான் அதை வீழ்த்தியது. ஒரு மைல் என்றால், சில நொடிகள்.

இரண்டாவது வழி, ஏமாற்றுவது. இதை ‘சாஃப்ட் கில்’ என்கிறார்கள். ஏவுகணையை அழிக்காமல், அது கப்பலைத் தவறவிடும்படி செய்வது. இதற்குப் பயன்படும் கருவிகளுக்குப் பொதுப்பெயர் ‘டிகாய்’.

சுட்டு வீழ்த்துவது செலவு பிடித்த வேலை. தடுப்பு ஏவுகணை ஒன்றின் விலையே பல கோடி ரூபாய். கப்பலில் அவற்றை வைக்க இடமும் குறைவு. தீர்ந்துவிட்டால் நடுக்கடலில் சட்டென்று நிரப்பவும் முடியாது. பெரும்பாலும் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். டிகாய் அப்படி இல்லை. விலை குறைவு, சின்னது, நிறைய வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் நவீனப் போர்க்கப்பல்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

ஏவுகணைக்குக் கண் எங்கே இருக்கிறது?

டிகாய் எப்படி ஏமாற்றுகிறது என்று புரிய, ஏவுகணை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

பெரும்பாலான கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளின் மூக்கில் ஒரு சின்ன ரேடார் இருக்கும். அதற்குப் பெயர் ‘சீக்கர்’. ஏவுகணை கிளம்பும்போது, கப்பல் சுமாராக எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த இடத்தை நெருங்கியதும் சீக்கர் கண் விழிக்கும். ரேடியோ அலைகளை அனுப்பும். கப்பலின் இரும்பு உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் பாயும்.

சீக்கருக்குத் தெரிவது கப்பலின் உருவம் அல்ல, வெறும் எதிரொலி. கப்பலைப் போன்ற இன்னொரு எதிரொலியைப் பக்கத்தில் உருவாக்கிவிட்டால்? எது நிஜம், எது போலி என்று அது குழம்பும். இந்த ஓட்டைதான் டிகாயின் மூலதனம்.

இதற்காகத் தூவப்படும் இழைகளின் பெயர் ‘சாஃப்’. தமிழில் ‘பதர்’ என்று அர்த்தம். நெல்லைத் தூற்றும்போது காற்றில் பறக்குமே, அதே பதர்தான். உலோகம் பூசிய மெல்லிய கண்ணாடி இழைகள் காற்றில் பறப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

இழையின் நீளம் முக்கியம். ரேடார் அலையின் நீளத்தில் சரிபாதி இருந்தால் எதிரொலி மிகப் பலமாக இருக்கும். 3 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்தும் சீக்கருக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் இழை போதும். ஒரு இழை ஒன்றுமே இல்லை. லட்சக்கணக்கில் சேர்ந்தால் ஒரு போர்க்கப்பலே அங்கு நிற்பதுபோல ரேடாரில் தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைத் தாக்கப் போன பிரிட்டன் விமானங்கள் இப்படித்தான் அலுமினியத் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொட்டின. ஜெர்மன் ரேடார் திரைகள் போலி விமானங்களால் நிறைந்தன. விமானத்துக்காக வந்த அந்த உத்தி, ஏவுகணைகள் வந்த பிறகு கப்பலுக்கும் வந்து சேர்ந்தது.

ஏமாற்றுவதிலும் வகைகள் உண்டு

டிகாயை எப்போது ஏவுகிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

முதலாவது, கவனத்தைக் கலைப்பது. ஏவுகணையின் சீக்கர் இன்னும் கப்பலைப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் கப்பலில் இருந்து கொஞ்சம் தள்ளி, பல இடங்களில் இழை மேகங்களை உருவாக்குவார்கள். சீக்கர் கண் விழித்ததும் ஒன்றுக்குப் பதிலாக நான்கைந்து ‘கப்பல்கள்’ தெரியும். முதலில் எதைப் பார்க்கிறதோ அதை நோக்கிப் போய்விடும்.

இரண்டாவது, பிடியில் இருந்து நழுவுவது. சீக்கர் ஏற்கெனவே கப்பலைப் பிடித்துவிட்டது. இப்போது கப்பலுக்கு மிக அருகிலேயே டிகாயை வெடிக்க வைப்பார்கள். சீக்கருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பொருளாகத் தெரியும். அந்தச் சமயம் பார்த்துக் கப்பல் மெல்ல விலகும். இன்னும் பலமாக எதிரொலிக்கும் இழை மேகத்தோடு ஏவுகணை தங்கிவிடும். பல்லி வாலை அறுத்துப் போட்டுட்டு ஓடும்ல, கிட்டத்தட்ட அதே கதைதான்.

இங்கே காற்றுக்கும் பங்கு உண்டு. இழை மேகம் காற்று போகும் பக்கம் நகரும். கப்பல் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். தவறான பக்கம் திரும்பினால், ஏவுகணையைக் கூட்டிக்கொண்டு வந்து தன் மேலேயே விட்டுக்கொள்வது மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, மறைப்பது. போலிக் கப்பலைக் காட்டாமல், ரேடார் அலைகளுக்கு முன்னால் ஒரு திரையைப் போடுவது. இப்போது டிஆர்டிஓ கொடுத்திருக்கும் ராக்கெட் இந்த வகையைச் சேர்ந்தது.

இழைகள் மட்டும்தான் டிகாய் என்றும் இல்லை. வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணைகளுக்கு எரியும் தீப்பந்துகள் உண்டு. பிரிட்டனும் அமெரிக்காவும் காற்றடைத்த பெரிய மிதவைகளைக் கடலில் போடுகின்றன; ரேடாருக்கு அவை கப்பலைப் போலத் தெரியும். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய ‘நுல்கா’ இன்னும் ஒரு படி மேல். அது மேலே கிளம்பி அந்தரத்தில் நின்றபடியே மெல்ல நகரும் ராக்கெட். வரும் ரேடார் அலையைப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பி, “நான்தான் கப்பல்” என்று ஏவுகணையை இழுத்துக்கொண்டு போகும்.

எல்லாம் தொடங்கிய இடம்: எய்லாத், கராச்சி, லதாகியா

கப்பல்களுக்கு டிகாய் அவசியம் என்று உலகம் உணர்ந்தது ஒரே இரவில்.

1967 அக்டோபர் 21. எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் இருந்த சின்னஞ்சிறு படகுகள், சோவியத் தயாரிப்பான ‘ஸ்டிக்ஸ்’ ஏவுகணைகளை வீசின. இஸ்ரேலின் ‘எய்லாத்’ போர்க்கப்பல் மூழ்கியது. 47 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்து பாய்ந்த ஏவுகணை, ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் முறை.

இந்தப் பாடத்தை இந்தியா வேகமாகக் கற்றது. அதே ஸ்டிக்ஸ் ஏவுகணைகள் கொண்ட படகுகளை சோவியத்திடம் இருந்து வாங்கியது. 1971 டிசம்பர் 4 இரவில் நிபாட், நிர்காட், வீர் ஆகிய படகுகள் கராச்சி அருகே தாக்கின. பாகிஸ்தானின் ‘கைபர்’ போர்க்கப்பல் மூழ்கியது. தன்னை நோக்கி வருவது ஏவுகணை என்றே கைபருக்குத் தெரியவில்லை; விமானம் என்று நினைத்தது. இந்தத் தாக்குதலின் நினைவாகத்தான் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 4 கடற்படை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இஸ்ரேல் வேறு பாடம் கற்றது. தன் படகுகளில் சாஃப் ராக்கெட்டுகளையும் ஜாமர்களையும் பொருத்தியது. 1973 அக்டோபரில், சிரியாவின் லதாகியா கடற்பகுதியில் அதற்குப் பரீட்சை வந்தது.

சிரியாவின் ஸ்டிக்ஸ் ஏவுகணை, இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணையை விட இரண்டு மடங்கு தூரம் பாயக்கூடியது. அதாவது சிரியா அடிக்கலாம், இஸ்ரேல் திருப்பி அடிக்க முடியாத ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை இஸ்ரேல் படகுகள் டிகாயை நம்பித்தான் கடந்தன. சிரியா வீசிய ஏவுகணைகள் ஒன்றுகூடப் படவில்லை. நெருங்கிப் போன இஸ்ரேல் படகுகள் சிரியாவின் படகுகளை மூழ்கடித்தன.

ஆறே ஆண்டுகள். அதே ஏவுகணை, அதே கடற்படை, முடிவு மட்டும் தலைகீழ்.

பட்டனை அழுத்தாத கப்பல்கள்

அப்படியென்றால் டிகாய் இருந்தால் கப்பல் தப்பித்துவிடுமா? இதற்கான பதில் 1982 ஃபாக்லாந்து போரில் இருக்கிறது.

மே 4-ம் தேதி, அர்ஜென்டினாவின் சூப்பர் எத்தென்தார் விமானங்கள் எக்சோசெட் ஏவுகணைகளை ஏவின. பிரிட்டனின் ‘கிளாஸ்கோ’ போர்க்கப்பல் விமானத்தின் ரேடார் சமிக்ஞையை உடனே கண்டுபிடித்தது. மற்ற கப்பல்களை எச்சரித்தது. சாஃபை ஏவியது.

சில மைல்கள் தள்ளியிருந்த ‘ஷெஃபீல்டு’ எதையும் ஏவவில்லை. அந்த நேரத்தில் அது செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அலை, எதிரி ரேடாரைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு இடைஞ்சலாக இருந்தது. கிளாஸ்கோவின் எச்சரிக்கை வந்தபோதும் தேவையான வேகத்தில் யாரும் செயல்படவில்லை. வான் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த அதிகாரி, கட்டுப்பாட்டு அறையிலேயே இல்லை என்பது பின்னாளில் வெளியான விசாரணை அறிக்கையில் தெரியவந்தது.

ஏவுகணை தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். இழுத்துச் செல்லப்பட்ட கப்பல் மே 10-ம் தேதி மூழ்கியது.

சாஃப் கப்பலில்தான் இருந்தது. ஏவத்தான் ஆள் இல்லை.

இது ஒரு முறை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். 1987 மே 17-ம் தேதி பாரசீக வளைகுடாவில், இராக் போர் விமானம் ஏவிய இரண்டு எக்சோசெட்டுகள் அமெரிக்காவின் ‘ஸ்டார்க்’ கப்பலைத் தாக்கின. 37 பேர் இறந்தார்கள். அங்கும் சாஃப் ஏவப்படவில்லை. 2006 ஜூலை 14-ம் தேதி லெபனான் கரைக்கு அருகே ஹிஸ்புல்லாவின் ஏவுகணை, இஸ்ரேலின் ‘ஹனித்’ கப்பலைத் தாக்கி 4 பேர் இறந்தார்கள். டிகாயில் அவ்வளவு அனுபவம் உள்ள அதே இஸ்ரேல் கடற்படைதான். “அவர்களிடம் அப்படி ஒரு ஏவுகணை இருக்காது” என்ற நினைப்பில் தானியங்கித் தடுப்பு முழுமையாக இயக்கத்தில் வைக்கப்படவில்லை.

மூன்று கப்பல், மூன்று நாடு. மூன்றிலுமே கருவி பழுதாகி ஏமாற்றவில்லை. ஆபத்து வருகிறது என்பதை மனிதர்கள் நம்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

விலகிப் போன ஏவுகணை எங்கே போகும்?

அதே ஃபாக்லாந்து போரில், ஷெஃபீல்டு தாக்கப்பட்டு மூன்று வாரம் கழித்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

மே 25-ம் தேதி, அர்ஜென்டினா விமானங்கள் மறுபடியும் வந்தன. இரண்டு எக்சோசெட்டுகளை ஏவின. இந்த முறை பிரிட்டன் போர்க்கப்பல்கள் தயாராக இருந்தன. சாஃப் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. இழை மேகங்கள் விரிந்தன. ஏவுகணைகள் போர்க்கப்பல்களைத் தவறவிட்டன. புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல எல்லாம் சரியாக நடந்தது.

ஆனால் எக்சோசெட்டுகள் கடலில் விழவில்லை. பறந்துகொண்டே இருந்தன. அவற்றின் சீக்கர் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அடுத்ததாகக் கண்ணில் பட்டது ‘அட்லாண்டிக் கன்வேயர்’.

அது போர்க்கப்பல் இல்லை. போருக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல அழைத்து வரப்பட்ட கன்டெய்னர் கப்பல். அதில் சாஃப் இல்லை. எந்தத் தடுப்புக் கருவியும் இல்லை. பெரிய இரும்பு உடம்பு மட்டும் இருந்தது. ரேடாருக்கு அது போதும்.

கப்பல் பற்றி எரிந்தது. கேப்டன் உட்பட 12 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த மூன்று சினூக், ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள் அழிந்தன. வீரர்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கும் திட்டம் அதோடு நொறுங்கியது. பிரிட்டன் வீரர்கள் பலர் முதுகில் சுமையோடு, குளிரில், சேற்று நிலத்தில் தலைநகர் ஸ்டான்லியை நோக்கி நடந்தே போக வேண்டியதாயிற்று.

டிகாயை ஏவிய கப்பல்களின் கணக்கில் இது வெற்றி. கன்வேயரில் இருந்தவர்களின் கணக்கில்?

சாஃப்ட் கில் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. இங்கே ஏவுகணை சாவதில்லை. ஒரு கப்பலைத் தவறவிடுகிறது, அவ்வளவுதான். திறந்த கடலில் அது தண்ணீரில் விழுந்து போகலாம். கூட்டமாகக் கப்பல்கள் போகும் பாதையில், டிகாய் இல்லாத கப்பலைத் தேடிப் போகலாம்.

இன்றைய செங்கடலில் நிற்பது யார்?

40 ஆண்டுக்கு முந்தைய கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். செங்கடலைப் பாருங்கள்.

2023 நவம்பரில் ஏமனின் ஹவுதிகள் செங்கடல், ஏடன் வளைகுடா பகுதியில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். அங்கு நிற்கும் போர்க்கப்பல்களிடம் தடுப்பு ஏவுகணை, துப்பாக்கி, ஜாமர், டிகாய் எல்லாம் உண்டு. அதே பாதையில் போகும் சரக்குக் கப்பல்களிடம் இவற்றில் எதுவும் இல்லை.

2024 ஜனவரி 26-ம் தேதி, ‘மார்லின் லுவாண்டா’ என்ற எண்ணெய்க் கப்பலை ஏவுகணை தாக்கியது. நாப்தா ஏற்றி வந்த கப்பல் தீப்பிடித்தது. அதில் இருந்தவர்கள் 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். இந்தியக் கடற்படையின் ‘ஐஎன்எஸ் விசாகப்பட்டினம்’ விரைந்து போய், தீயணைப்புக் குழுவை இறக்கி, தீயை அணைக்க உதவியது.

மார்ச் 6-ம் தேதி ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பல் தாக்கப்பட்டது. மூன்று மாலுமிகள் இறந்தார்கள். ‘ஐஎன்எஸ் கொல்கத்தா’ ஓர் இந்தியர் உட்பட 21 பேரை மீட்டது.

இவை திசைமாறி வந்த ஏவுகணைகள் இல்லை. வணிகக் கப்பல்களையே குறிவைத்து வந்தவை. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். ஆபத்தான கடலில் கவசம் உள்ள கப்பலும் கவசம் இல்லாத கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. கவசம் இல்லாத கப்பலில் இருப்பவர்களில் நிறைய பேர் இந்திய மாலுமிகள். தூத்துக்குடியிலும் சென்னையிலும் நம் தெருவிலேயேகூட அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம்.

புதிய ராக்கெட்டில் என்ன புதுசு?

மறுபடி நம் செய்திக்கு வருவோம். இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது ராஜஸ்தானின் ஜோத்பூரில் இருக்கும் டிஆர்டிஓ ஆய்வகம். கடலே இல்லாத ஊரில் இருந்து கடற்படைக்கு ஆயுதம்!

இதே ஆய்வகம் 2021-ல் குறுகிய தூரம், நடுத்தர தூரம், நீண்ட தூரம் என மூன்று வகை சாஃப் ராக்கெட்டுகளை உருவாக்கியது. அரபிக் கடலில் கடற்படை அவற்றைச் சோதித்து, திருப்தி தெரிவித்தது. ‘கவச்’ என்ற உள்நாட்டு டிகாய் ஏவும் அமைப்பும் ஏற்கெனவே நம் போர்க்கப்பல்களில் இருக்கிறது.

புதிய ராக்கெட்டின் இழைகள் சில மைக்ரான் தடிமன் கொண்டவை. நம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியவை. ராக்கெட் வெடித்ததும் இவை காற்றில் பரந்து விரிந்து, போதுமான நேரம் மிதந்து, ரேடார் அலைகளுக்கு எதிராக ஒரு திரையை அமைக்கும்.

இரண்டு கட்டச் சோதனைகள் நடந்திருக்கின்றன. முதல் கட்டத்தில் இழை மேகம் எப்படி விரிகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கப்பல்களில் இருந்து ஏவிப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டத்தில், வானில் பறந்த ஓர் இலக்கின் ரேடார் பிரதிபலிப்பு 90 சதவீதம் வரை குறைந்ததாக டிஆர்டிஓ சொல்கிறது.

இந்த ‘90 சதவீதம்’ என்பதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பிரதிபலிப்பு 90 சதவீதம் குறைந்தால், ரேடார் கண்டுபிடிக்கும் தூரமும் 90 சதவீதம் குறைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. ரேடார் கணக்கு அப்படி வேலை செய்யாது. வேறு எதுவும் மாறாமல் இருந்தால், தூரம் 44 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். அதாவது 30 கிலோமீட்டரில் தெரிய வேண்டிய பொருள் 17 கிலோமீட்டரில் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. நொடிக்கு 300 மீட்டரில் வரும் ஏவுகணை விஷயத்தில் 13 கிலோமீட்டர் என்பது 40 நொடிக்கும் மேல். ஆனால் இது மாயக் கம்பளமும் இல்லை. நேரத்தை வாங்கித் தரும் கருவி.

இந்தியக் கடற்படையிடம் இன்னொரு டிகாயும் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் வரும் டார்பிடோக்களை ஏமாற்றுவதற்கானது. 2020-ல் கடற்படையில் சேர்ந்த அதன் பெயர் ‘மாரீச்’. ராமாயணத்தில் பொன்மானாக வந்து ராமனைத் தூரமாக அழைத்துப் போன அதே மாரீசன். பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை மானோடு முடியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். எல்லோருடைய கவனமும் மான் பின்னால் போனபோது, காவல் இல்லாமல் நின்றது குடிசைதான்.

ஏமாறாத ஏவுகணைகள்

ஏமாற்றும் கருவி வளர வளர, ஏமாறாத ஏவுகணையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இழை மேகம் காற்றின் வேகத்தில்தான் நகரும். கப்பல் தன் வேகத்தில் நகரும். இந்த வேக வித்தியாசத்தைக் கவனித்து, “இது இழை, அது கப்பல்” என்று பிரிக்கும் சீக்கர்கள் வந்துவிட்டன. ஜாமர் அலை வந்தால், அந்த அலை கிளம்பும் இடத்தையே தேடிப் போய் அடிக்கும் ஏவுகணைகளும் உண்டு.

நார்வேயின் ‘நேவல் ஸ்ட்ரைக் மிசைல்’ ரேடாரையே பயன்படுத்துவதில்லை. கப்பலின் வெப்ப உருவத்தைப் படமாகப் பார்க்கிறது. எதிரொலியை மட்டும் காட்டும் சாதாரண இழைகள் அதனிடம் எடுபடாது. புதிய இந்திய ராக்கெட்டின் பலமும் ரேடார் அலை வழியாக வரும் ஏவுகணைகளுக்கு எதிரானதுதான்.

அதனால்தான் எந்தக் கடற்படையும் ஒரே ஒரு டிகாயை நம்பி இருப்பதில்லை. 2016 அக்டோபரில் ஏமன் அருகே ஏவுகணைத் தாக்குதலுக்கு ஆளான அமெரிக்காவின் ‘மேசன்’ கப்பல், தடுப்பு ஏவுகணைகளையும் நுல்கா டிகாயையும் சேர்த்தே ஏவியது. கப்பல் தப்பியது.

அடுத்த முறை கேட்க வேண்டியது

உள்நாட்டிலேயே இப்படி ஒரு தொழில்நுட்பம் உருவாகியிருப்பது நிச்சயம் நல்ல செய்தி. எந்த இழை, என்ன நீளம், எந்த அலைவரிசை என்பதெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டிய விஷயங்கள். வெளிநாட்டில் இருந்து வாங்கினால், விற்றவருக்கும் அது தெரியும்.

ஆனால் ராக்கெட் கப்பலுக்கு வந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. நள்ளிரவில், அரைத் தூக்கத்தில், திரையில் தெரியும் ஒரு புள்ளியை நம்பிச் சில நொடிகளில் பட்டனை அழுத்தும் பயிற்சி வேண்டும். ஷெஃபீல்டும் ஸ்டார்க்கும் ஹனித்தும் சொல்வது இதைத்தான்.

கூடவே போகும் கப்பல்களை எங்கே நிறுத்துவது, யார் எந்தப் பக்கம் திரும்புவது, விலகும் ஏவுகணையின் பாதையில் யார் இருக்கிறார்கள் என்ற திட்டமும் வேண்டும். அட்லாண்டிக் கன்வேயர் சொல்வது அதை.

எனவே இனி எங்காவது “டிகாய் ஏவி ஏவுகணையில் இருந்து தப்பியது போர்க்கப்பல்” என்று ஒரு செய்தி வந்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பட்டனை அழுத்த எத்தனை நொடி ஆனது? விலகிய ஏவுகணை எங்கே போய் விழுந்தது?